துடைத்து அனுப்பிய தூசி அட்டைகள்

1

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிற என்னோடு வேலை பார்த்த டீச்சர் தோழிகளுக்கு, ஜெர்மனியில் ஒரு வாசலீன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிற நான் எழுதுவது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்ன ஊருக்கு வந்து பங்குனியோடு நாலு வருஷம் முடிந்துவிட்டது. கெலமங்கலம் ரோட்டுப் பள்ளியில் பதினோரு வருஷம் அறிவியல் டீச்சராக இருந்து, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். இங்கே கடையில் பால் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்குக்கூட மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

விஷயம் என்னவென்றால், மூன்று வாரம் முன்னால் என் மகள் பவியின் வகுப்பு டீச்சர் கார்லா ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். பள்ளியில் சுற்றுச்சூழல் வாரம் நடத்துகிறார்களாம். கையால் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெற்றோர் வந்து ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கலாமாம். நான் அந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நாலு வருஷமாக ஒரு கரும்பலகையைத் தொட்டதில்லை. உடனே கீழே கையெழுத்துப் போட்டு, ‘காற்றில் உள்ள தூசியை அட்டையில் பிடிப்பது’ என்று எழுதிக் கொடுத்தேன். கார்லாவும் வா, வா என்று பதில் எழுதிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பவி பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். பத்து வயது. கோபம் வந்தால் அவள் அப்பாவைப் போல மூக்கு நுனி சிவக்கும்.

“அம்மா, நீ என் கிளாசுக்கு வராத.”

“ஏன் கண்ணு?”

“வராதன்னா வராத.”

“அதான் ஏன்னு கேக்கறேன்ல?”

“சிரிப்பாங்க. நீ பேசற மாதிரியே பேசிக் காட்டுவாங்க.”

“யாரு அப்டி பேசிக் காட்டினது?”

பவி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “சாப்பாட்டு ரூம்ல” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் போலப் பேசிக் காட்டி அவர்கள் சிரிக்கும்போது இவளும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கத்தான் முடிந்திருக்கிறது.

2

சாப்பாட்டு அறை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளியில்தான் எனக்கு வேலை. தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை, பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை பிள்ளைகளுக்குச் சூப்பும் உருளைக்கிழங்கும் ஊற்றிப் போடுவது. வேலையில் ஒரு குறையும் இல்லை. நம் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்த அக்காக்களின் அருமை எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. ஆனால் பவி வரிசையில் வரும்போது மற்றப் பிள்ளைகளைப் போலவே தட்டை நீட்டுவாள், நன்றி என்று ஜெர்மனில் சொல்லுவாள், போய்விடுவாள். முதல் தடவை அப்படிச் செய்தபோது ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன். அன்று சாயங்காலம், “அப்படிப் போடாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

டீச்சர் வேலைக்கு ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். போகாமலா இருப்பேன்? என் பி.எட். படிப்பை இங்கே அங்கீகரிக்க வேண்டும். அதற்கு நான் படித்த ஒவ்வொரு பாடத்தையும் எத்தனை மணி நேரம் படித்தேன் என்று கல்லூரி முத்திரையோடு கேட்கிறார்கள். கல்லூரிக்கு எழுதினால், ‘மணி நேரமா? அப்படியெல்லாம் நாங்கள் எழுதித் தருவது வழக்கமில்லை’ என்கிறார்கள். இங்கே அலுவலகத்தில் போய், அங்கே அப்படி வழக்கமில்லையாம் என்று சொன்னால், அந்த அம்மா மிகவும் அன்பாகச் சிரித்துவிட்டு, சரி, வழக்கமில்லை என்பதையாவது முத்திரையோடு வாங்கி வாருங்கள் என்கிறார். இதற்கே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சண்டை போடலாம் என்றால் அந்த மொழியில் சண்டை போட எனக்கு இன்னும் வரவில்லை.

பவி சொன்னதை என் வீட்டுக்காரர் செந்திலிடம் சொன்னேன். திருநெல்வேலிக்காரர். ஓசூருக்கு மெஷின் பட்டறை வேலைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, அதே மெஷின் வேலையால் இங்கே வந்து சேர்ந்தவர். ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“ஏட்டி, அவ சொல்லுததுல என்ன தப்பு? பிள்ளைக்குக் கூச்சமா இருக்குன்னா விட்டுரு.”

“பெத்த அம்மாவப் பாத்து என்ன கூச்சம்? நான் என்ன திருடவா போறேன்?”

“நீ கோவமா இருக்க. நாளைக்குப் பேசுவோம்” என்று குளிக்கப் போய்விட்டார். அவருக்கு என்ன, அவர் மெஷினோடுதானே பேசுகிறார்.

நான் போயே தீருவேன் என்றுதான் அப்போது இருந்தேன். என்னைத் தடுக்க இவள் யார் என்று வீம்பு. அந்த வீம்பை உடைத்தது என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த நாகவேணியின் ஞாபகம். அவளை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்காது.

3

பவி என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த சமயம் அது. எட்டாம் வகுப்புக்குக் காற்று மாசு பாடம் வந்தது. நம் பள்ளியில் ஆய்வகம் என்று ஒரு பூட்டிய அறை இருந்ததே தவிர, உள்ளே உடைந்த பெஞ்சுகள்தான். புத்தகத்தைப் படித்துக் காட்டி, கோடு போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. அதனால் ஆளுக்கு ஒரு வெள்ளை அட்டை வெட்டிக் கொடுத்தேன். அதில் மெலிதாக வாசலீன் தடவி, வீட்டு வாசலில் மழை படாத இடத்தில் ஒரு வாரம் மாட்ட வேண்டும். காற்றில் வருகிற தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்து, கட்டம் போட்டு எண்ணலாம். செலவில்லாத சோதனை. ‘அடுத்த வாரம் எல்லார் அட்டையையும் நான் பார்ப்பேன்’ என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினேன். அந்த வார்த்தைதான் வினையானது.

அடுத்த வாரம் நாற்பத்தொரு அட்டையும் வந்தன. எடுத்துப் பார்த்தால் ஒன்றைத் தவிர அத்தனையும் பளபளவென்று இருக்கின்றன! தூசியும் இல்லை, வாசலீனும் இல்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி நடுவில் குங்குமப் பொட்டு. ஒன்றில் மாவிலை கூடச் சொருகியிருந்தது.

“என்னடா இது, ஆயுத பூசையா?” என்று கத்தினேன்.

முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “மிஸ், நீங்க பாக்கப்போறீங்கன்னு எங்கம்மா நல்லா தொடச்சு குடுத்தாங்க மிஸ். வாசல்ல புதுசா ஒண்ணு மாட்டுனா பொட்டு வெக்கணும்னு வெச்சாங்க” என்றாள். எல்லார் வீட்டிலும் அதே கதைதான். டீச்சர் பார்க்கப்போகிறார் என்றால் அழுக்கோடு கொடுத்து அனுப்புவார்களா நம் ஊர்ப் பெண்கள்? எனக்குக் கோபம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம்.

ஒரே ஒரு அட்டை மட்டும் துடைக்காமல் வந்திருந்தது. நாகவேணியின் அட்டை. அவள் வீடு கிரானைட் கல் பாலிஷ் போடுகிற பட்டறைக்குப் பின்னால். அட்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் தடிப்பாகப் படிந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம். அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, “எல்லாரும் இதைப் பாருங்க! இதுதான் சரியான அட்டை. எவ்ளோ அழுக்கு பாத்தீங்களா?” என்றேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற நாற்பது அம்மாக்களும் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள், இவள் அம்மா மட்டும் துடைக்கவில்லை, வீட்டை அழுக்காக வைத்திருக்கிறாள் என்றுதான் பிள்ளைகளுக்குப் பட்டது. நாகவேணி தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று.

4

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரோஜாப் பண்ணைக்குப் பூக்கட்ட அனுப்பிவிடுவார்கள். என்னால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிடுமோ என்ற பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா ராதம்மா அப்போதுதான் பண்ணையிலிருந்து வந்திருந்தார். விடியற்காலை வண்டி ஏறினால் மத்தியானம் திரும்புவது. வீட்டில் பேசுவது தெலுங்கு. என்னைப் பார்த்ததும், “ரண்டி, கூச்சோண்டி” என்று பாயை உதறிப் போட்டார். என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பாயை எடுத்துவிட்டு நாற்காலி போட்டார். ஒரு சொம்பு மோரைக் கையில் கொடுத்தார். குடித்து முடிக்கிற வரை பொறுத்திருந்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்!

“மிஸ்ஸு, நான் தெனம் ரெண்டு தபா வாசல் பெருக்கறேன். போறப்ப ஒரு தபா, வந்து ஒரு தபா. அது எங்க வீட்டு அழுக்கு இல்ல. அந்த மிஷினு வீட்டு அழுக்கு. அது எம்புள்ள தலைல எப்டி வந்துச்சு?”

“நான் பாராட்டத்தாங்க காட்டினேன். அது அவ வீட்டைச் சொன்னது இல்லீங்க.”

“காட்டறதுக்கு முன்னாடி அவள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

இல்லை.

“சரி, உங்க வூட்டு வாசல்ல ஒண்ணு மாட்டுனீங்களா?”

அதுவும் இல்லை. நாற்பத்தொரு வீட்டு அழுக்கைக் கொண்டு வரச் சொன்ன எனக்கு, என் வீட்டில் ஒரு அட்டை மாட்டத் தோன்றவே இல்லை. சேரை விட்டு எழுந்து நின்றேன். “தப்புதாங்க” என்றேன். ராதம்மா, “உக்காருங்க, உக்காருங்க, இந்த நெலமைல நிக்கக்கூடாது” என்று அதற்கும் என்னைத் திட்டினார். உள்ளே கதவுக்குப் பின்னால் நாகவேணி நிற்பது தெரிந்தது. அவளைப் பார்த்து, “ஸாரிம்மா. என் வீட்ல மாட்டி எடுத்துட்டு வரேன். அத நீயே எல்லாருக்கும் முன்னால எண்ணு. வருவியா?” என்று கேட்டேன்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டு அட்டையைக் கொண்டு போனேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வீடு, கேட்க வேண்டுமா, கன்னங்கரேல் என்று இருந்தது. நாகவேணி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தேன். அவள் கட்டம் கட்டமாக எண்ணி, “மிஸ் வீட்ல எங்க வீட்ட விட கருப்பு ஜாஸ்தி மிஸ்” என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு என்னைப் பார்த்து. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பிறகு எல்லாரும் மறுபடியும் அட்டை மாட்டினார்கள். துடைக்கக் கூடாது என்று அம்மாக்களுக்கு நாகவேணியே வீடு வீடாகப் போய்த் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லிவிட்டு வந்தாள். ஊர்ப் படம் ஒன்றைத் தரையில் வரைந்து அந்தந்த வீட்டு இடத்தில் அட்டையை வைத்தோம். பட்டறையிலிருந்து காற்று அடிக்கிற பக்கத்து வீட்டு அட்டைகள் எல்லாம் சாம்பல். எதிர்ப்பக்கத்து வீட்டு அட்டைகள் வெளுப்பு. எந்த அம்மா எப்படிப் பெருக்கினார் என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. விஷயம் காதில் விழுந்து பட்டறைக்காரர் தூசியைத் தடுக்க ஒரு பச்சை வலை கட்டினார். தூசி முழுக்க நிற்கவில்லை. ஆனால் நாகவேணி பத்தாம் வகுப்பு வரை ஒரு நாள் விடாமல் வந்தாள்.

5

இதையெல்லாம் பவிக்குச் சொன்னேன். வீம்பு இறங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை வார்த்துக்கொண்டே. இரண்டு தோசை அளவுக்குக் கதை. அவள் தமிழில் கேட்டு, நடுநடுவே ஜெர்மனில் கேள்வி கேட்டாள்.

“அப்போ நான் உன் வயித்துல இருந்தேனா?”

“ஆமா. ராதம்மா குடுத்த மோர்ல உனக்கும் பங்கு.”

“அந்த அக்காகிட்ட ஸாரி சொன்னியா?”

“சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. வந்தா, அவ்ளோதான்.”

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். “பவி, நான் உன்னக் கேக்காமலே கார்லா டீச்சருக்கு எழுதிக் குடுத்துட்டேன். அது தப்பு. நீ வேணாம்னு சொன்னா நாளைக்கே வரலன்னு எழுதிடறேன். கோவமெல்லாம் இல்ல. நெஜமாத்தான்.”

நெஜமாகத்தான் சொன்னேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாளே என்று பயம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். தோசை கருகியது.

செவ்வாய்க்கிழமை காலையில் பவி ஷூ மாட்டிக்கொண்டே, “வா. ஆனா தமிழ்ல பேசாத. ஒரு வார்த்த கூட” என்றாள். சத்தியமா பேச மாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சொன்னேன். அவள் தலையில் இல்லை, என் தலையில்.

கார்லா பிள்ளைகளிடம் அட்டைகளைக் கொடுத்து வீட்டில் மாட்டச் சொன்னார். முதல் அட்டையை நான் எங்கள் வீட்டு பால்கனியில் மாட்டினேன். பஸ் போகிற ரோட்டு மேல் மூன்றாம் மாடி.

6

வகுப்பு நாள் வந்தது. ஒரு பக்கத்துக்குப் பேச்சை எழுதி, ராத்திரியெல்லாம் செந்திலை எதிரே உட்கார வைத்து ஒப்பித்திருந்தேன். அவர் இரண்டாவது பத்தியிலேயே தூங்கிவிட்டார். கதரில் நல்ல புடவையாக எடுத்து, பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

கார்லா கதவைத் திறந்தார். உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் பவி. கரும்பலகையைப் பார்த்தேனோ இல்லையோ, எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. கையை இப்படிக் கீழே அமர்த்திக் காட்டி, கணீரென்று, “உக்காருங்க, உக்காருங்க!” என்றேன். தமிழில்.

யாரும் எழுந்து நிற்கவே இல்லை. டீச்சர் வந்தால் எழுந்து நிற்கிற வழக்கம் இங்கே கிடையாது. எல்லாரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் இருந்தார்கள்.

பிறகு ஒரு பிள்ளை கையை என்னைப் போலவே அமர்த்திக் காட்ட, வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கார்லா ஏதோ சொல்லி அடக்கப் பார்த்தார். நான் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஒரு எழுத்தும் கண்ணில் தெரியவில்லை. பவி பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தவள், முதல் வார்த்தையையே அப்படிப் பேசிவிட்டேன். அட பாவி, கேட்டுத் தெரிந்துகொண்டும் மறுபடியும் ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பவி எழுந்துவிட்டாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. வெளியே ஓடப்போகிறாள் என்று நினைத்து நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவள் கதவுப் பக்கம் போகவில்லை. நேராக முன்னால் வந்து, என் பக்கத்தில், கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்றாள். சிரித்தவர்களைப் பார்த்து ஜெர்மனில் படபடவென்று பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அங்கேயெல்லாம் டீச்சர் உள்ளே வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், இவர் உட்காருங்கள் என்று சொன்னால்தான் உட்காருவார்கள், இவர் அங்கே டீச்சர், என்றாள். பிறகு என் அம்மா என்றாள்.

சிரிப்பு நின்றது. முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி ஏதோ கேட்டாள். எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள் என்று கேட்டாளாம். பவி என் பக்கம் திரும்பினாள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, வீட்டில் பேசுகிற அதே தமிழில் கேட்டாள்.

“அம்மா, உன் கிளாஸ்ல எத்தன பேரும்மா?”

“நாப்பத்தொண்ணு” என்றேன். அவள் அதை ஜெர்மனில் சொன்னதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

நான் எங்கள் வீட்டு அட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். கருப்புத் தூசியும், இந்த வசந்தத்தில் மரமெல்லாம் கொட்டுகிற மஞ்சள் மகரந்தமும் கலந்து படிந்திருந்தது. இதுதான் எங்கள் வீடு என்று என் ஜெர்மனில் சொன்னேன். தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பவி அதை வாங்கி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். பிள்ளைகளைப் பார்த்தபடியே என் பக்கம் லேசாகச் சாய்ந்தாள்.

“சொல்லும்மா. அடுத்து என்ன சொல்லணும்?”

பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம். அடுத்து என்னவென்று எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.